மேஜை என்று நீ சாதித்த பெட்டி

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் சம அளவில் உரிய துரைசாமிக்கு,

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இறந்தவர்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறாள் என் மனைவி வசந்தா. இருந்தபோது கோபித்துக்கொள்ள நீ இடமே கொடுக்கவில்லையே. இப்போதும் கூடாது என்றால் நான் எப்போதுதான் கோபித்துக்கொள்வது?

முதலில் ஊர்ச் செய்தி. துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் கிடையாது. முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் முண்டியடிக்கிறார்கள். ஷார்ஜாவுக்கு அது வரவில்லை. நாங்கள் இன்னும் நஹ்தா சாலை நெரிசலில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறோம். நீ மதிப்பீடு போட்டுக் கொடுத்த இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்களும் பணம் முடங்கிப் பாதியில் நிற்கின்றன, அவற்றின் மேல் கிரேன்களும் அசையாமல் நிற்கின்றன. உன் கம்பெனியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தைப் பற்றித்தான்.

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஐரோப்பியக் கிழவி, ஜுமைராவில் தன் வில்லாவின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சலவை இயந்திரம் பார்த்து வர உன் மனைவி பூங்கொடி உன்னை அனுப்பினாள். நீ திரும்பி வந்தபோது கம்பெனி பிக்கப்பின் பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்குப் போர்வை சுற்றிய படம் ஒன்று சாய்ந்திருந்தது. சலவை இயந்திரம் இல்லை. படம் லிஃப்டுக்குள் நுழையவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த என்னைக் கூப்பிட்டாய். நான்கு மாடி தூக்கினோம். நடுவழியில் நீ நிறுத்தி, "ரிப்போர்ட்டரே, உங்க பக்கம் சாயுது, பேனா புடிக்கற கைன்னு தெரியுது" என்றாய். அன்று பிடித்த என் இடுப்பு, மழை இல்லாத இந்த ஊரிலும் அவ்வப்போது வலிக்கிறது.

பத்திரிகையில் இதைப் படிப்பவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஒரு தேவாலயத்தின் உட்புறம் அது. கிரேக்கக் கோயில்களில் உள்ளது போன்ற நேரான வெள்ளைத் தூண்கள் இரண்டு வரிசை. மேலே கட்டம் கட்டமாகக் குடைந்த வளைந்த கூரை. இடது பக்கம் உயரத்தில் இருக்கும் ஒரு ஜன்னலிலிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்கி, கறுப்பும் வெள்ளையுமான தரையில் விழுகிறது. அலங்காரம் அதிகமில்லை. கட்டடமே மொத்தப் படத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் எறும்பு அளவு. ஒரு தூணோரம் குழந்தையோடு ஒரு பெண், இன்னொரு தூணடியில் படுத்திருக்கும் நாய். நடுவில், வெளிச்சம் போய் விழும் இடத்தில், மஞ்சள் கரை வைத்த கறுப்புத் துணியால் மூடிய நீளமான ஏதோ ஒன்று. அதைச் சுற்றி நான்கு உயரமான மெழுகுவத்திகள், மண்டியிட்ட சிலர்.

எங்கள் பத்திரிகையில் கலைப்பக்கம் பார்த்தவரிடம் ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினேன். யாரோ ஒருவர் பார்த்து வரைந்த பிரதியாக இருக்கலாம், பாணி நியோகிளாசிக்கல், ரோமையும் கிரேக்கத்தையும் திரும்பிப் பார்த்து வரைந்த காலத்தது என்றார். உனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப் போனது. வீட்டுக்கு வரும் குழாய் ரிப்பேர்க்காரரிடம் கூடச் சொன்னாய்.

டியூட்டி முடிந்து வந்ததும் சோபாவில் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பாய். ஒரு தூணுக்கு எவ்வளவு கல் போகும், அந்தக் கூரைக்கு எத்தனை நாள் சாரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவாய். கட்டுமானக் கம்பெனியில் மதிப்பீடு போடுகிறவன் படம் பார்த்தால் இப்படித்தான் பார்ப்பான் என்று நானும் விட்டுவிட்டேன். நடுவில் இருப்பது என்ன என்று பூங்கொடி கேட்டபோது, "சாப்பாட்டு மேஜை. துணி விரிச்சிருக்காங்க" என்றாய். அவளும் நம்பினாள். கோபிசெட்டிபாளையத்துப் பெண் எந்தத் தேவாலயத்துக்குள் போயிருக்கிறாள்?

பிறகு உன் மகள் நிலாவின் ஏழாவது பிறந்தநாள் வந்தது. பலூன்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், படத்துக்கு நேர்கீழே கேக். கத்தியைக் குழந்தை கையில் கொடுத்த நேரத்தில் மூன்றாவது மாடி ஸ்டெல்லாக்கா படத்தை உற்றுப் பார்த்தார். நாகர்கோவில்காரர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"எம்மா பூங்கொடி, சவப்பெட்டி உள்ள படத்துக்க கீழயா பிள்ளைக்கு கேக்கு வெட்டுகீங்க?"

நீதான் பதில் சொன்னாய்.

"அது மேஜைங்க. மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்கு பாருங்க."

"சாப்பாட்டு மேஜைக்க முன்னால யாராவது முட்டுக்குத்தி நிப்பாவளா தம்பி?"

"பசி அப்படி" என்றாய் நீ. எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடி சிரிக்கவில்லை.

அன்று ஆரம்பித்த சண்டைக்கு நான்தான் நிரந்தர நடுவர். அவள் படத்தை வெளியே போடச் சொன்னாள். நீ மேஜை என்று சாதித்தாய். கடைசியில் ஒரு சமாதானம். படத்தின் மேல் கம்பி அடித்துத் திரை போடுவது, வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் திரையை இழுத்து மூடுவது. அந்தத் திரை ஏற்படுத்திய குழப்பம் கொஞ்சமா? ஊரிலிருந்து வந்த உன் மாமனார், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, ஜன்னலைத் திறந்து காற்று வாங்கலாம் என்று அந்தத் திரையை விலக்கியிருக்கிறார். காற்றுக்குப் பதில் ஒரு சாவு வீடு தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இதை எல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன், நீ அலுவலக வாகன நிறுத்தத்தில் காரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழாமல் இருந்திருந்தால்.

நம் வழக்கத்தில் பெட்டி கிடையாது. பாடை, நெருப்பு, முடிந்தது. ஆனால் இங்கே செத்தவன் யாராக இருந்தாலும் ஊருக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். உன்னோடு கோயம்புத்தூர் வரை நான்தான் வந்தேன். வேனிலிருந்து உன்னை இறக்கி வாசலில் வைத்தார்கள். மேலே யாரோ ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தியிருந்தார்கள், வழியில் தூசு படக் கூடாது என்று. பூங்கொடி அழுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது.

காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடி போட அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. சித்தப்பா பையனைக் கூப்பிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைக் கை காட்டினாள். நான் மதுரைக்காரன், சாதி வேறு, சனம் வேறு. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரமாகக் கடைவீதிக்குப் போய் ஒரு புடவை வாங்கி வந்து அவள் தோளில் போட்டேன்.

அவளும் நிலாவும் ஷார்ஜாவுக்குத் திரும்பி வந்தார்கள். உன் விசாவில் இருந்தவர்கள், நீ இல்லாமல் இங்கே தங்க முடியாது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பருவம் முடியும் வரை கம்பெனி எப்படியோ அவகாசம் வாங்கிக் கொடுத்தது. முதல் நாளே பூங்கொடி சொன்னாள், இந்தப் படத்தை என் கண்ணில் படாமல் எங்கேயாவது கொண்டு போய்விடுங்கள் என்று.

தேவாலயப் படம் தேவாலயத்துக்குத்தானே போக வேண்டும்? ஸ்டெல்லாக்கா மூலமாக அவர்களுடைய கோயில் வளாகத்தில் கேட்டேன். தமிழ்ப் பூசை முடிந்து சமோசா விற்றுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே, மண்டபப் பொறுப்பாளர் என் செல்பேசியில் படத்தைப் பார்த்தார். மரியாதையான மனிதர். எங்கள் மண்டபத்தில் வாரா வாரம் கல்யாண வரவேற்பு நடக்கிறது சார், பெண்ணும் மாப்பிள்ளையும் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பார்களா என்று கேட்டார். பூங்கொடி சொன்னதையேதான் அவரும் சொன்னார். இந்த உலகத்தில் அந்தப் படத்தை வரவேற்பறையில் மாட்டக்கூடிய ஒரே ஆள் நீதான் போலிருக்கிறது.

அதை வந்து சொன்னபோதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, அவருக்குத் தெரிஞ்சு வாங்கிட்டு வந்தாரா, தெரியாம வாங்கிட்டு வந்தாரா? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க."

தெரியாமல் வாங்கியிருந்தால் விதி என்று விட்டுவிடுவாளாம். தெரிந்தே வாங்கி, பிள்ளை விளையாடுகிற வீட்டில் மாட்டி, ஐந்து வருஷம் தன் முகத்தைப் பார்த்து மேஜை என்று சொல்லியிருந்தால், அவளுக்குத் தெரியாத இன்னொரு ஆளோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறாளாம். அது தெரியாமல் ஊருக்குப் போனால் மிச்ச நாளெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன் என்றாள். "நீங்க பேப்பர்க்காரருதானுங்க. விசாரிச்சுச் சொல்லுங்க."

மந்திரிகளையும் கட்டட முதலாளிகளையும் விசாரித்தவன் நான். செத்துப்போன சிநேகிதனை விசாரிக்க வேண்டி வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும்.

கிழவி எந்த நாட்டுக்குப் போனாளோ தெரியாது. சாட்சி ஒருவன்தான் மிச்சம். அன்று பிக்கப் ஓட்டிய ஷாஜி. திருச்சூர்க்காரன், உன் கம்பெனியிலேயே இன்னும் இருக்கிறான். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் வாசலில், ஆட்களைச் சைட்டுக்கு அனுப்பிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்தேன். கேள்வியைக் கேட்டதும், இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பது போலப் பார்த்தான்.

கிழவி தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாள். இது அடக்கப் பூசை, நடுவில் இருப்பது சவப்பெட்டி, உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, யோசித்து எடுங்கள் என்று. யார் செத்தது, ராஜாவா என்று கேட்டிருக்கிறாய். தெரியாது, யாரோ ஒருவர், சாதாரண ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் எடுத்துக்கொள்கிறேன் என்று நீ சொல்லிவிட்டாய்.

திரும்பி வரும்போது வண்டியில் நீ சொன்னதை ஷாஜி அப்படியே சொன்னான். உன் கோவைப் பேச்சு அவனுடைய மலையாள வாயில் விநோதமாக இருந்தது.

"பேரு தெரியாத ஒருத்தனுக்கு எத்தாப் பெரிய கட்டடம் பாரு ஷாஜி. நம்ம ஆளுங்களுக்குக் கார்கோவுல கூட நிக்க ஒருத்தன் வர மாட்டேங்கறான்."

நம்ம ஆளுங்க யார் என்று கேட்டேன். ஷாஜிக்கு ஆச்சரியம். சாருக்கு இது தெரியாதா என்றான்.

எனக்குத் தெரியாது, துரை. உன் கம்பெனியில் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி செத்தால், காகித வேலைகளைச் செய்ய ஆள் உண்டு. ஆனால் சவக்கிடங்குக்குப் போய் முகம் பார்த்து இவன்தான் என்று சொல்ல, ஊருக்குப் போன் போட்டு அவன் வீட்டாரிடம் தமிழில் பேச, விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் பெட்டி உள்ளே போகும் வரை நிற்க, நீதான் போவாயாம். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. ஷாஜிதான் வண்டி ஓட்டுவான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆளின் பேரையும் ஊரையும் சொல்லி, "கெளம்பலாமா?" என்று கேட்பாயாம். பதில் வருமென்று நிற்பதைப் போலக் கொஞ்ச நேரம் நிற்பாயாம்.

"அது கழிஞ்சா சாரை உங்க வீட்டிலல்லோ கொண்டு விடுவேன்" என்றான் ஷாஜி. "குளிக்காம வீட்டில கேற மாட்டாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேரங்கெட்ட நேரத்தில் என் வீட்டுக்கு வந்து, எங்கள் பில்டிங்கில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி, என் சோப்பைப் பாதியாகக் கரைத்துவிட்டுப் போவாயே, அது. நான் உன் பேச்சை நம்பி உங்கள் கட்டடத்து வாட்ச்மேனிடம் போய்ச் சண்டை போட்டேன். தண்ணீர் ஒருநாளும் நின்றதில்லை என்று அந்தப் பதான்காரன் சத்தியம் செய்தான். இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தது. நான் உன்னை நம்பினேன்.

வீட்டில் சொன்னால் தீட்டு என்று பயப்படுவாள் என்று நினைத்தாயா? பிள்ளை பயந்துகொள்ளும் என்றா? அல்லது வெளியே சொன்னால் நல்ல காரியம் செய்கிறவன் என்று பேர் வந்துவிடும் என்று கூச்சமா? எதுவாக இருந்தாலும், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எழுதிவிடுவேன் என்று நினைத்தாயோ? எழுதித்தான் இருப்பேன். இப்போதும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

பூங்கொடியிடம் போய்ச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல், ஷாஜி சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவள் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? வாசல்ல ஒரு பக்கெட்டுத் தண்ணி வெச்சிருப்பேனுங்ண்ணா. கட்டுன பொண்டாட்டி நா இருக்க, அடுத்த ஊட்டுல போய்க் குளிச்சுட்டு வந்திருக்காரு." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "வெள்ளிக்கெழமையானா நா தெரைய இழுத்து மூடறதப் பாத்துட்டே படுத்திருப்பாரே. என்னைய என்னன்னு நெனச்சிருப்பாரு?"

இதற்குப் பதில் உனக்குத் தெரியும், நீ இல்லை.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிலா உள்ளே வந்தாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு ஆகப் போகிறது, உன் உயரத்துக்கு வந்துவிடுவாள் போலிருக்கிறது. "அப்பாவுக்குத் தெரியும்னா ஏன் அங்கிள் டேபிள்னு சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டாள். இந்தக் கேள்வியை நீ என்னிடம் தள்ளிவிட்டுப் போனதை நான் மன்னிக்கவே மாட்டேன். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

பூங்கொடி நாற்காலி போட்டு ஏறினாள். திரையைக் கம்பியோடு பிடுங்கினாள், சுவர்ப்பூச்சும் சேர்ந்து வந்தது. வீட்டு ஓனர் வைப்புத்தொகையில் பிடித்துக்கொள்வார் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. பிறகு, படத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்றாள்.

எத்தனை நாள் நான் அலைந்த அலைச்சல், பாரேன். வேண்டாம் என்றபோது வாங்க ஆள் தேடி அலைந்தேன். வேண்டும் என்றபோது அனுப்ப வழி தேடி அலைந்தேன். ஷார்ஜா ரோலா கடைவீதியில் கார்கோ கடைக்காரன் அளவைக் கேட்டதுமே கையை விரித்தான். கடைசியில் சட்டத்தைக் கழற்றி, துணியை மட்டும் சுருட்டி, பிளாஸ்டிக் குழாயில் வைத்து அனுப்பினோம். அந்தப் பொன்முலாம் பூசிய சட்டம் இப்போது என் வீட்டு பால்கனியில் நிற்கிறது. வசந்தா அதில் துண்டு காயப்போடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை பூங்கொடி கோபியிலிருந்து பேசினாள். தச்சரை வைத்துப் புதிதாகச் சட்டம் அடித்து முன்கூடத்திலேயே மாட்டிவிட்டாளாம். அவளுடைய அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாராம், மூன்றாம் நாள் பழகிவிட்டதாம். திரை கிடையாது. வருகிறவர்கள் அதென்ன என்று கேட்காமல் இருப்பதில்லை. "பொணப் பெட்டிதானுங்கன்னு சொல்லிப்போடறேனுங்ண்ணா. அப்புறம் அவரு போய் நின்ன கதையச் சொல்றேன்" என்றாள். சிலர் பாதியில் எழுந்து போகிறார்களாம். சிலர் காப்பி ஆறிப்போகும் வரை கேட்கிறார்களாம். உன்னால் ஐந்து வருஷமாகச் சொல்ல முடியாததை அவள் ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வாரம் ஷாஜி கூப்பிட்டான். அரியலூர்ப் பக்கத்து ஆள், சாரத்திலிருந்து விழுந்தவன், முகம் பார்த்துச் சொல்ல அவனோடு வேலை செய்தவர்கள் வந்துவிட்டார்கள், ஆனால் அவன் வீட்டுக்குப் போன் போட்டுப் பேச ஒருவருக்கும் தைரியமில்லை, சார் வருவீர்களா என்றான். நான் உன் கம்பெனி ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீயும் அந்த வேலைக்கு நியமிக்கப்பட்டவன் இல்லையே.

போனேன். அவனுடைய அம்மாவிடம் பேசினேன். இத்தனை வருஷம் வார்த்தையை வைத்துப் பிழைத்தவனுக்கு அன்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வரவில்லை. சரக்குப் பகுதியில் பெட்டி உள்ளே போகும் வரை நின்றேன். பேரையும் ஊரையும் சொன்னேன். உன்னைப் போல "கெளம்பலாமா" என்று கேட்க எனக்கு வரவில்லை. பழகினால் வரும் என்கிறான் ஷாஜி.

கிளம்புவதற்கு முன் வசந்தாவிடம் எங்கே போகிறேன் என்று சொன்னேன். அவள் தீட்டு என்று சொல்லவில்லை, பயப்படவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "தனியாவா போறீங்க? நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். இப்படிக் கேட்க உன் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள், துரை. நீ அவளுக்கு ஒரு வாய்ப்புக் கூடக் கொடுக்கவில்லை.

ஷாஜி எப்போது கூப்பிட்டாலும் போவேன். இது சத்தியம். ஒவ்வொரு முறையும் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

பூங்கொடிக்குக் கோடி போட்டதால் உனக்கு உறவானவன்,
உன் மச்சான்.